கலிபோர்னிய இம்ப்ரஷனிச நிலக்காட்சிகள்: சேகரிப்பும் விற்பனையும்

இம்ப்ரஷனிச ஓவியம் என்றதும் பாரிஸ் நகரமும் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக் குளமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தப் பாணி பிரான்சோடு நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்கு வந்து, கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்டு லைம், பென்சில்வேனியாவின் நியூ ஹோப், இண்டியானாவின் பிரவுன் கவுண்டி, மேற்குக் கரையின் கலிபோர்னியா எனப் பல வட்டாரங்களில் வேரூன்றி, அந்தந்த மண்ணின் நிறத்தையும் வெயிலையும் ஏற்றுத் தனித்தனிக் கிளைகளாக வளர்ந்தது. இவற்றுள் கலிபோர்னியக் கிளையின் வரலாறு, ஓவியச் சேகரிப்பு எப்படி நடக்கிறது, எதற்காக நடக்க வேண்டும் என்பதை அறிய விரும்புவோருக்குச் சிறந்த பாடமாக அமைகிறது. ஏறத்தாழ 1890 முதல் 1930 வரை செழித்து, அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரிய அருங்காட்சியகங்கள் பொருட்படுத்தாமல் விட்ட இந்த ஓவியங்களை மீட்டெடுத்ததில் முதல் பங்கு அந்த வட்டாரத்துச் சேகரிப்பாளர்களுக்கும் ஓவிய வணிகர்களுக்கும் உரியது. ஆகவே இத்துறையில் வாங்குவதும் விற்பதும் பணம் கைமாறும் செயலாக மட்டும் இல்லாமல், ஒரு நிலத்தின் வரலாற்றைக் காக்கும் பொறுப்பாகவும் இருந்து வந்திருக்கிறது.

வெயிலைத் தேடி வந்த ஓவியர்கள்

1874ஆம் ஆண்டு பாரிஸில், அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியைச் சாராமல் சில ஓவியர்கள் தாங்களே நடத்திய கண்காட்சியிலிருந்து இம்ப்ரஷனிசம் என்ற பெயர் பிறந்தது. ஒரு பொருளின் விளிம்பையும் உருவத்தையும் நுணுக்கமாக வரைந்து காட்டுவதைவிட, ஒரு குறிப்பிட்ட வேளையில் அதன்மேல் விழும் ஒளி கண்ணில் பதிக்கும் தோற்றத்தைப் பிடிப்பதே இப்பாணியின் நோக்கம். அதற்காக இந்த ஓவியர்கள் நிறங்களைத் தட்டில் குழைத்து ஒன்றாக்காமல் சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்தார்கள். நிழலைக் கறுப்பாகத் தீட்டாமல் நீலமும் ஊதாவுமாகக் கண்டார்கள். ஓவியக்கூடத்தை விட்டு வெளியே வந்து வயலிலும் கடற்கரையிலும் நின்றே வரைந்தார்கள். வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைத்து எடுத்துச் செல்லும் முறைக்கு 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்றிருந்ததும் இந்தத் திறந்தவெளி ஓவியமுறைக்குப் பெரிதும் கைகொடுத்தது.

மோனே 1883இல் குடியேறிய ஜிவெர்னி என்ற சிற்றூருக்கு 1887 முதல் அமெரிக்க ஓவியர்கள் செல்லத் தொடங்கினர். லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள சான் கேப்ரியலில் 1867இல் பிறந்த கை ரோஸ், 1904 முதல் 1912 வரை அங்கேயே வாழ்ந்து, பின்னர் தம் சொந்த மண்ணுக்குத் திரும்பி, பாசடீனா நகரின் ஸ்டிக்னி ஓவியப் பள்ளியை நடத்தியபடியே லகூனா, கார்மெல் கடற்கரைகளை வரைந்தார். ஜெர்மனியில் 1865இல் பிறந்து, இளமையில் சிகாகோவுக்கு வந்து, 1906இல் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிய வில்லியம் வெண்ட், அகன்ற உறுதியான தீற்றல்களால் மலைச்சரிவுகளை அடுக்கி எழுப்பினார். இயற்கையைக் கடவுளின் வெளிப்பாடாகக் கருதிய அவருடைய நிலக்காட்சிகளில் மனித உருவத்தைக் காண்பது அரிது. மிசௌரி மாநிலத்தில் 1883இல் பிறந்த எட்கர் பெய்ன், சியரா நெவாடா மலைத்தொடரின் பனிமுகடுகளையும் ஏரிகளையும் தம் வாழ்நாள் பொருளாக்கிக்கொண்டார். திறந்தவெளி ஓவிய அமைப்பைப் பற்றி அவர் 1941இல் வெளியிட்ட நூலை ஓவிய மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இவர்களுக்கு இடையே தனியே நிறுத்திப் பார்க்கத் தக்கவர் கிரான்வில் ரெட்மண்ட். 1871இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே காய்ச்சலால் செவித்திறனை இழந்த அவர், பெர்க்லியில் இருந்த செவித்திறன் குன்றியோர் பள்ளியில் ஓவியம் பயின்று, பாரிஸ் வரை சென்று தேர்ந்தவர். பின்னாளில் சார்லி சாப்ளினுக்கு நண்பரானார். சாப்ளின் தம் படப்பிடிப்பு வளாகத்திலேயே அவருக்கு ஓர் ஓவியக்கூடம் கொடுத்ததோடு, தம் பேசாப் படங்கள் சிலவற்றில் அவரை நடிக்கவும் வைத்தார். ரெட்மண்டின் புகழ்பெற்ற பாப்பி மலர் ஓவியங்களில், கலிபோர்னியா 1903இல் தன் மாநில மலராக அறிவித்த அந்தப் பொன்னிறப் பாப்பி, முன்புறச் சரிவில் தடித்த செம்மஞ்சள் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கிடையே லூபின் மலர்கள் நீலமும் ஊதாவுமாக ஊடாடும். தொலைவில் குன்றுகள் வெளிறிய நீலத்தில் வானோடு கரையும். அருகில் நின்று பார்த்தால் வண்ணக் கட்டிகளாக மட்டுமே தெரிவது, நாலடி பின்வாங்கியதும் வெயிலில் அலையும் மலர்ப்பரப்பாகிவிடும். ஆயினும் ரெட்மண்டின் மனம் அந்தி வேளையின் அடங்கிய நிறங்களையும் நிலவொளிக் காட்சிகளையுமே அதிகம் விரும்பியது. வாங்க வருவோர் பாப்பி மலர்களையே கேட்டதால் அவர் அவற்றை மீண்டும் மீண்டும் தீட்ட நேர்ந்தது. சந்தையின் விருப்பம் ஓவியரின் கையை எவ்வளவு தூரம் வழிநடத்த முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று.

அந்தச் சந்தை உருவான விதமும் அறியத்தக்கது. 1880இல் ஏறத்தாழ 11,000 பேர் மட்டுமே வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸில், இருப்புப்பாதை வந்தபின் மக்கள் குவிந்து, 1920இல் மக்கள்தொகை 5,76,000ஐத் தாண்டியது. கிழக்கிலிருந்தும் நடு மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய வசதி படைத்தோர், தாம் தேர்ந்துகொண்ட புதிய நிலத்தின் அழகைத் தம் வீட்டுச் சுவரிலும் காண விரும்பினர். 1909இல் கலிபோர்னியா ஆர்ட் கிளப்பும், 1918இல் எட்கர் பெய்னின் முயற்சியால் லகூனா கடற்கரை ஓவியர் சங்கமும், 1927இல் கார்மெல் ஓவியர் சங்கமும் தோன்றின. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சி இப்பாணியைப் பெருந்திரளான மக்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. 1921இல் திறக்கப்பட்ட அம்பாசடர் ஹோட்டலில் இயங்கிய ஸ்டெண்டால் ஓவியக்கூடம், அங்கே வந்து தங்கிய செல்வந்தர்களுக்கு ரோஸ், வெண்ட், பெய்ன் ஆகியோரின் படைப்புகளை விற்றது.

மறதியும் மீட்பும்

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி வாங்குவோரின் கையைக் கட்டியது. அதே காலத்தில் நவீன ஓவியம் விமர்சகர்களின் கவனத்தை முழுமையாக ஈர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து கலிபோர்னியாவெங்கும் பரவிய யூகலிப்டஸ் மரம், நீலகிரி மக்கள் தைலமரம் என்று அறிந்த அதே மரம், இந்த ஓவியங்களில் அடிக்கடி இடம்பெற்றதால், இவற்றை வரைந்தவர்களை யூகலிப்டஸ் கூட்டத்தார் என்று இகழ்ந்து பேசும் வழக்கமும் ஏற்பட்டது. ஓவியர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்களின் படைப்புகள் பரணிலும் கிடங்கிலும் தூசி படிந்து, வீட்டுச் சாமான்களோடு சேர்த்துச் சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. எந்த ஓவியம் யாரிடம் இருக்கிறது என்ற செய்தியே அறுந்துபோனது.

1970களில் அந்த வட்டாரத்தின் சில வணிகர்களும் சேகரிப்பாளர்களும் இவற்றைத் தேடத் தொடங்கியபோது, அவர்கள் கையில் துணைநூல் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. பழைய செய்தித்தாள்களையும் கண்காட்சிப் பட்டியல்களையும் புரட்டி, ஓவியர்களின் குடும்பத்தாரைத் தேடிக் கண்டு, செய்திகளைத் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். 1982இல் ரூத் வெஸ்ட்பால் வெளியிட்ட தென்கலிபோர்னியத் திறந்தவெளி ஓவியர் பற்றிய நூலும், 1786 முதல் 1940 வரை அம்மாநிலத்தில் இயங்கிய ஓவியர்களைப் பற்றி எடன் ஹியூஸ் தொகுத்து 1986இல் வெளியிட்ட அகராதியும் அந்த உழைப்பின் விளைவுகள். 1990இல் கலை வரலாற்றாசிரியர் வில்லியம் கெர்ட்ஸ், அமெரிக்க வட்டார ஓவியம் முழுவதையும் மூன்று தொகுதிகளில் ஆராய்ந்து வெளியிட்டதும், வட்டாரக் கலை என்பது இரண்டாந்தரக் கலை என்ற எண்ணம் தளர்ந்தது.

1992இல் ஜோன் இர்வைன் ஸ்மித் நிறுவிய இர்வைன் அருங்காட்சியகம் இந்த மீட்பின் உச்சம் எனலாம். ஆரஞ்சு கவுண்டியில் பரந்த நிலப்பரப்பைக் கொண்டிருந்த இர்வைன் பண்ணைக் குடும்பத்தின் வாரிசான அவர், தாம் சிறுவயதில் கண்ட மேய்ச்சல் குன்றுகளும் ஆரஞ்சுத் தோட்டங்களும் குடியிருப்புகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்ட நிலையில், அந்த நிலத்தின் பழைய முகம் இவ்வோவியங்களில் மட்டுமே எஞ்சியிருப்பதை உணர்ந்து, ஓவியச் சேகரிப்பையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் ஒரே பணியாக இணைத்தார். 2016இல் அந்தத் தொகுப்பு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்தது பொதுச்சொத்தாயிற்று.

விலை எதனால் அமைகிறது

ஓவியரின் பெயரே விலையை முடிவுசெய்கிறது என்ற பொதுவான எண்ணம் பாதி மட்டுமே உண்மை. ஒரே ஓவியரின் இரண்டு படைப்புகளில் ஒன்று சில ஆயிரம் டாலருக்கும் மற்றொன்று சில லட்சம் டாலருக்கும் விலைபோவதற்கு வேறு காரணங்கள் உண்டு. முதலாவது, பொருள்: ரெட்மண்டின் பாப்பி மலர்ப்பரப்பு, பெய்னின் சியரா மலைக்காட்சி என ஓவியரோடு மக்கள் மனத்தில் ஒன்றிவிட்ட பொருள்களுக்கே போட்டி மிகுதி. இரண்டாவது, இடம்: லகூனாவின் பாறைக் கடற்கரை, பாசடீனாவின் அர்ரோயோ செக்கோ பள்ளத்தாக்கு என இன்னதென்று அடையாளம் காணத்தக்க இடமாக இருந்தால், அங்கே வாழ்வோரின் பற்று விலையிலும் எதிரொலிக்கும். மூன்றாவது, காலம்: ஓவியர் தம் ஆற்றலின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் படைப்புக்கு மதிப்பு அதிகம். 1921இல் பக்கவாதத்தால் தூரிகையைக் கைவிட நேர்ந்து 1925இல் மறைந்த கை ரோஸ் போன்றவர்களின் படைப்புகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதும் விலையை உயர்த்துகிறது.

இவற்றுக்கு மேலாக, ஓவியத்தின் உடல்நிலை நிற்கிறது. பழைய கித்தான் நலிந்தால் அதன் பின்னால் வேறொரு கித்தானை ஒட்டி வலுவூட்டுவது முன்னாளில் பரவலான வழக்கம். அந்த வேலையில் வெப்பமும் அழுத்தமும் மிகுந்துவிட்டால் மேடிட்டு நின்ற தீற்றல்கள் நசுங்கித் தட்டையாகிவிடும். தூரிகையின் தடமே உயிராக இருக்கும் இம்ப்ரஷனிச ஓவியத்துக்கு இது பேரிழப்பு. பழுப்பேறிய வார்னிஷை நீக்கும்போது கவனமின்றி அதிகம் துடைத்துவிட்டால், ஓவியர் கடைசியாக வைத்த மெல்லிய நிறப்பூச்சும் அதோடு போய்விடும். போனதை யாராலும் திருப்பித் தர முடியாது. நேர்த்தியாகப் பழுதுபார்க்கப்பட்ட ஓவியத்தைவிட, சற்று அழுக்கேறியிருந்தாலும் யார் கையும் படாத ஓவியத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர்கள் விரும்புவது இதனால்தான்.

பின்புறத்தைப் படித்தல்

அனுபவம் மிக்கவர்கள் ஓவியத்தின் முகத்தைப் பார்த்ததும் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் படிக்கிறார்கள். கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டம், அதன் மூலைகளில் செருகிய சிறு ஆப்புகள், ஓரத்தில் அடித்த ஆணிகளின் துரு, வயதால் பழுப்பேறிய துணி ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஓவியர் தம் கையாலேயே எழுதிய தலைப்பு, பென்சிலில் குறித்த விலை, கித்தான் விற்ற கடையின் முத்திரை, கண்காட்சியில் ஒட்டிய சீட்டு, ஏல நிறுவனம் இட்ட எண் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. சீட்டில் உள்ள முகவரியில் ஓவியர் எந்த ஆண்டுகளில் வாழ்ந்தார் என்பது தெரிந்தால், தேதியிடாத ஓவியத்தின் காலத்தையும் ஓரளவு கணித்துவிடலாம்.

இந்தச் சாட்சிகளை வரிசைப்படுத்தி, ஓவியரிடமிருந்து இன்றைய உடைமையாளர் வரை படைப்பு கைமாறி வந்த வழியை எழுதுவதை உடைமை வரலாறு என்கிறார்கள். நிலம் வாங்குவோர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதது போலவே, விவரம் அறிந்த சேகரிப்பாளர் உடைமை வரலாற்றைக் கேட்காமல் ஓவியத்துக்கு விலை பேசுவதில்லை. வட்டார ஓவியர்களுள் பெரும்பாலோருக்கு, அவர்கள் தீட்டிய படைப்புகள் அனைத்தையும் ஆராய்ந்து பட்டியலிட்ட முழுமையான தொகைநூல் இல்லாததால், இத்தகைய தனிச்சான்றுகளின் எடை இங்கே இன்னும் கூடுகிறது.

போலிகளும் இந்த இடைவெளியிலேதான் நுழைகின்றன. முழு ஓவியத்தையும் போலியாகத் தீட்டுவது கடினம். அதே காலத்தில் பெயர் தெரியாத ஒருவர் வரைந்த கையெழுத்தில்லாத ஓவியத்தில் புகழ்பெற்றவரின் கையெழுத்தை இடுவது எளிது. நூறாண்டு பழைய வண்ணப் பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். கையெழுத்தின் வண்ணம் அந்த வெடிப்புக்குள் வழிந்திருந்தால், வெடிப்பு தோன்றிய பின்னரே அது இடப்பட்டது என்று உருப்பெருக்கியில் தெரிந்துவிடும். இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த ஒளியுடன் மிளிரும். அதன்மேல் பிற்காலத்தில் பூசியவை கரிய திட்டுகளாகத் தனித்து நிற்கும். எனினும் இந்தச் சோதனையை ஏமாற்றும் வார்னிஷ்களும் உண்டு என்பதால், விலை உயர்ந்த ஓவியத்தை வாங்குமுன் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் எழுத்துமூல அறிக்கையைப் பெறுவதே முறை.

விற்கும் வழிகள்

விற்க முனைவோருக்கு மூன்று வழிகள் உண்டு: ஏலம், வணிகரிடம் நேரடி விற்பனை, வணிகரிடம் ஒப்படைத்து விற்றபின் கமிஷன் கொடுப்பது. கலிபோர்னிய ஓவியத்துக்கென்றே தனி ஏலங்கள் நடத்தும் நிறுவனங்களுள், 1865இல் தொடங்கிய பட்டர்ஃபீல்டு நிறுவனத்தை 2002இல் வாங்கிய பான்ஹம்ஸும், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் ஜான் மோரன் நிறுவனமும் குறிப்பிடத்தக்கவை. ஏலத்துக்கு முன் நிறுவனம் வெளியிடும் விலை வரம்பு மதிப்பீடு எனப்படும். இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று உடைமையாளரும் நிறுவனமும் இரகசியமாக ஒப்புக்கொள்ளும் தொகை அடிவிலை. சுத்தியல் விழும்போது நின்ற தொகை ஏலவிலை. வாங்குபவர் அதன்மேல் நிறுவனத்துக்குத் தனிக்கட்டணம் செலுத்துகிறார்; விற்பவரின் பங்கிலிருந்தும் கமிஷன் பிடிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 40,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்து, வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடும் விற்பவர் கமிஷன் 10 விழுக்காடும் எனக் கொண்டால், வாங்கியவர் 50,000 டாலர் கொடுப்பார். விற்றவர் கையில் 36,000 டாலர் சேரும்.

மதிப்பீட்டை உயர்த்தி வைத்தால் அதிகம் கிடைக்கும் என்ற ஆசை பெரும்பாலும் எதிர்விளைவையே தருகிறது. அடிவிலையை எட்டாமல் திரும்பிய ஓவியத்தின் செய்தி ஏல விவரத் திரட்டுகளில் பதிவாகிவிடுவதால், அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும். மதிப்பு என்பது ஒரே எண் அன்று என்பதையும் விற்பவர் உணர்ந்திருக்க வேண்டும்: விரும்பி விற்பவரும் விரும்பி வாங்குபவரும் இசைந்து கொள்ளும் தொகை நியாயச் சந்தை மதிப்பு, இழந்துவிட்டால் அதற்கு ஈடானதைக் கடையில் வாங்க ஆகும் தொகை காப்பீட்டு மதிப்பு, பின்னது பெரும்பாலும் முன்னதைவிடக் கூடுதலாக இருக்கும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற கலைப்பொருளின் ஆதாயத்துக்குக் கூட்டரசு வரி 28 விழுக்காடு வரை செல்லக்கூடும். அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்து 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கோருவோர், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் சான்றைப் பெற வேண்டும்.

சேகரிப்பாளரின் கடமை

பெரும் பெயர்களின் விலை எட்டாத உயரத்தில் இருந்தாலும், எளிய வசதி உள்ளவருக்கு இத்துறை மூடப்பட்டதன்று. லகூனா சங்கத்தின் கட்டடம் 1929இல் எழுவதற்குப் பாடுபட்ட அன்னா ஹில்ஸ் போன்ற பெண் ஓவியர்களும், பெரிய படத்துக்கு முன்னோட்டமாகத் திறந்தவெளியில் விரைந்து தீட்டிய சிறு பலகை ஓவியங்களும் நல்ல தொடக்கமாக அமையும். முதற்பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு இ. சார்ல்டன் ஃபார்ச்சூன் என்று கையெழுத்திட்டதால் ஆண் என்றே சில விமர்சகர்கள் எண்ணிக்கொண்ட யுஃபீமியா ஃபார்ச்சூன், இன்று மான்டெரே கடற்கரைக் காட்சிகளுக்காகப் பெரிதும் போற்றப்படுகிறார். பெயரைப் பின்தொடராமல் ஓவியத்தைக் கூர்ந்து பார்க்கும் கண், சந்தை பின்னர் கண்டுகொள்வதை முன்னரே கண்டுகொள்ளும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் தவறவிடக்கூடாதவை. நேர் வெயில் படாத, ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்காத சுவரில் ஓவியத்தை மாட்ட வேண்டும். ஈரத்துணியாலோ கைமருந்தாலோ துடைக்கக் கூடாது. சட்டத்தை மாற்றும்போது பழைய சீட்டுகளைக் கிழித்தெறியாமல், பழைய சட்டத்தையும் சேர்த்துப் பேண வேண்டும். வாங்கிய நாள், இடம், விலை, முந்தைய உடைமையாளர் சொன்ன செய்தி, வல்லுநர் அறிக்கை, ஓவியத்தின் முன்புற, பின்புறப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, விற்கும் நாளில் அதையும் ஓவியத்தோடு கொடுத்துவிட வேண்டும். கண்காட்சிக்கும் ஆய்வுக்கும் கேட்போருக்கு இரவல் தருவதும் இக்கடமையில் அடங்கும்.

நாற்பது ஆண்டு மறதியில் கலிபோர்னிய ஓவியங்களுக்கு நேர்ந்த பெரிய சேதம் விலை வீழ்ந்ததன்று. விலை பின்னர் ஏறிவிட்டது. யார் வரைந்தது, எந்தக் குன்று, யார் வீட்டில் இருந்தது என்ற செய்திகள் வீட்டுக்காரரோடு சேர்ந்து மறைந்ததே ஈடுசெய்ய முடியாத சேதம். அந்தச் செய்திகளை மீட்கப் பின்வந்தோர் பல்லாண்டு பாடுபட வேண்டியிருந்தது. மீட்க முடியாமல் போனவையும் பல. ஓவியத்தோடு அதன் வரலாற்றையும் எழுதிவைத்து அடுத்த கைக்கு ஒப்படைப்பவரே சேகரிப்பாளர் என்ற பெயருக்கு உரியவர். அதைச் செய்யாமல் ஓவியத்தை மட்டும் கைமாற்றுபவர், எவ்வளவு நல்ல விலைக்கு விற்றாலும், தமக்கு வந்து சேர்ந்ததில் ஒரு பகுதியை அழித்தே கொடுக்கிறார்.